பட்டினி கிடக்கும் துப்புரவாளர்: வீட்டுத் தொட்டியில் கடல் அட்டை

கடல்நீர் நிரப்பிப் பவளமும் மீனும் வளர்க்கும் வீட்டுத் தொட்டிகளுக்காக உயிரினங்களை விற்கும் வெளிநாட்டுக் கடைகளில், கடல் அட்டை பெரும்பாலும் நத்தைகளும் துறவி நண்டுகளும் இருக்கும் வரிசையிலேயே, துப்புரவுப் படை என்ற பொதுப்பெயரின் கீழ் விலைக்கு வைக்கப்படுகிறது. மணலை விழுங்கி, அதிலுள்ள அழுக்கை உண்டு, தூய மணலை வெளியே தள்ளும் பிராணி என்பது அதற்குத் தரப்படும் அறிமுகம். அந்த அறிமுகத்தில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அதைக் கேட்டு வாங்குபவர் ஒரு கருவியை வாங்கிச் செல்வதாக எண்ணிக்கொள்கிறாரேயன்றி, ஒரு பிராணிக்கு உணவளிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்வதாக எண்ணுவதில்லை. கடல் அட்டை தொட்டியிலுள்ள மீன்களை எல்லாம் நஞ்சிட்டுக் கொன்றுவிடும் என்ற அச்சம் இத்துறையில் பரவலாக உள்ளது. அதற்கு ஆதாரமும் உண்டு. ஆயினும் அந்த அச்சத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் கால் பங்கு கூட, தொட்டிக்குள் கடல் அட்டை மாதக்கணக்கில் பட்டினி கிடந்து சுருங்கிச் சாவதற்குக் கிடைப்பதில்லை. முதலாவது எப்போதோ நேரும் விபத்து. இரண்டாவது பல தொட்டிகளில் அன்றாடம் ஓசையின்றி நடந்துகொண்டிருப்பது.

உயிரியல் வகைப்பாட்டில் கடல் அட்டை, நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும் அடங்கிய முட்தோலிகள் என்னும் தொகுதியைச் சேர்ந்தது. நட்சத்திர மீனில் ஐந்து கரங்களாக வெளிப்படையாகத் தெரியும் ஐங்கூற்று அமைப்பு, கடல் அட்டையில் ஒரு முனையில் வாயும் மறுமுனையில் கழிவாயும் கொண்ட நீண்ட குழாய் வடிவத்துக்குள் மறைந்து கிடக்கிறது. உடலின் உட்புறம் நீளவாக்கில் ஓடும் ஐந்து தசைப்பட்டைகள் மட்டுமே அந்த உறவைக் காட்டிக்கொடுக்கின்றன. உடலுக்குள் ஓடும் நீர்க்குழல் மண்டலத்தின் அழுத்தத்தால் நீண்டும் சுருங்கியும் இயங்கும் குழாய்க்கால்களைக் கொண்டு அது நகர்கிறது, பற்றிக்கொள்கிறது. வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகளும் அந்தக் குழாய்க்கால்களின் திரிபே. முட்தோலி என்ற பெயருக்குரிய கூடு இதற்கு இல்லை. கூட்டுக்கு மாறாக, தோலுக்குள் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் சுண்ணாம்புத் துணுக்குகள் கோடிக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. சில பொத்தான் வடிவில், சில சிறு மேசை வடிவில், சில நங்கூர வடிவில். ஓர் இனத்தை மற்றோர் இனத்திலிருந்து உறுதியாகப் பிரித்தறிய விரும்பும் ஆய்வாளர், தோலின் ஒரு சிறு துண்டை ப்ளீச்சில் இட்டுச் சதையைக் கரைத்துவிட்டு, எஞ்சும் இந்தத் துணுக்குகளின் வடிவத்தைப் பார்த்தே முடிவு சொல்கிறார். கடைத் தொட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

கடல் அட்டையின் உடற்சுவரில் உள்ள இணைப்புத் திசு, நரம்புத் தூண்டலால் சில நொடிகளிலோ நிமிடங்களிலோ இறுகவும் இளகவும் வல்லது. இறுகியபோது தொட்டுப் பார்த்தால் தேய்ந்த டயரைப் போல் விறைத்திருக்கும் அதே உடல், இளகியபோது தன் பருமனில் பாதியளவே உள்ள பாறை இடுக்கிலும் வழிந்து நுழைந்துவிடும். தொட்டி வைத்திருப்பவர்க்கு இதனால் இரண்டு விளைவுகள் உண்டு: பம்பின் வாயில் பொருத்தும் சல்லடையின் துளைகள் கண்ணுக்குச் சிறியனவாகத் தோன்றினாலும் அவை போதுமானவை என்று கொள்ள முடியாது, பிராணியின் நீளத்தை ஒருநாள் அளந்து மறுநாள் ஒப்பிட்டு அது வளர்கிறதா தேய்கிறதா என்று முடிவு செய்யவும் முடியாது.

மூச்சு விடும் முறையும் விந்தையானது. கழிவாய்க்கு உட்புறமிருந்து கிளைவிட்டு உடலுக்குள் பரவும் சுவாச மரம் என்னும் மெல்லிய குழாய்த் தொகுப்புக்குள், கழிவாய் வழியாகவே நீரை உள்ளிழுத்து வெளியேற்றி, அதிலுள்ள உயிர்வளியைக் கடல் அட்டை பெறுகிறது. இந்த வாயில் அடிக்கடி திறந்து மூடுவதைப் பயன்படுத்திக்கொண்டு, முத்து மீன் எனப்படும் ஒல்லியான மீன் வகை உள்ளே புகுந்து குடியிருப்பதும் உண்டு. வெப்பக் கடல்களிலிருந்து வரும் பெரிய கடல் அட்டையோடு வேண்டாத விருந்தாளியாக அது தொட்டிக்கு வந்து சேரலாம்.

வளர்ப்போர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கடல் அட்டை என்ற ஒரே பெயருக்குள் முற்றிலும் வேறுபட்ட உணவுமுறைகள் அடங்கியுள்ளன என்பதே. மணலின் மேற்பரப்பை வாரி விழுங்கி அதில் ஒட்டியுள்ளவற்றைச் செரிப்பவை ஒரு வகை. பாறையில் பற்றிக்கொண்டு, கிளைத்த உணர்கொம்புகளை நீரோட்டத்தில் விரித்து, மிதந்து வரும் நுண்ணுயிரிகளைப் பிடித்துண்பவை மற்றொரு வகை. முன்னதன் உணர்கொம்பு நுனி அகன்று சிறு கேடயம் போல் தட்டையாக இருக்கும். பின்னதன் உணர்கொம்பு மரக்கிளை போல் பிரிந்திருக்கும். கடையில் நிற்பவருக்கு இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்கத் தெரிந்தால், பெயர்ச்சீட்டைவிட மிகுந்த பயன் தரும்.

மணல் உண்ணும் வகையில் தொட்டிக்காரர்களிடம் மிகுதியாகப் புழங்குவது, மன்னார் வளைகுடாப் பகுதியில் குச்சி அட்டை என்று வழங்கும் கறுப்பு இனமான ஹோலோதூரியா ஏட்ரா. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் ஆழமற்ற பவளத் திட்டுகளில் வாழும் இது, உடல் முழுவதும் மணலைப் பூசிக்கொண்டு, முதுகில் மட்டும் இரண்டு வரிசையாக வட்ட வட்டமான கறுப்புத் திட்டுகளைப் பூசாமல் விட்டுக் கிடக்கும். அது உண்பதை அருகிலிருந்து பார்ப்பது பொறுமையுள்ளோர்க்கு நல்ல காட்சி. வாயைச் சுற்றியுள்ள ஏறத்தாழ இருபது உணர்கொம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மணலில் பதிந்து, பசையால் மணலை ஒட்டி எடுத்து, உள்நோக்கி மடிந்து வாய்க்குள் திணித்துவிட்டு மீண்டும் வெளியே வருகின்றன. ஒரு கொம்பு உள்ளே இருக்கும்போது மற்றொன்று மணலில் இருப்பதால் வேலை ஒரு நொடியும் நிற்பதில்லை. மறுமுனையிலிருந்து, சளிப்படலத்தால் பிணைக்கப்பட்ட மணல், கயிறு கயிறாக வெளிவந்து தரையில் படிகிறது.

இந்த மணலில் அது தேடுவது எது என்பதில்தான் தொட்டி வளர்ப்பின் முழுச் சிக்கலும் அடங்கியுள்ளது. மணற்துகள் ஒவ்வொன்றின் மேலும் படிந்திருக்கும் பாக்டீரியாப் படலமும், சிலிக்கா ஓடு கொண்ட நுண்பாசிகளான டயட்டம்களும், மக்கிய பாசித் துணுக்குகளும், பிற உயிரினங்களின் கழிவுமே அதன் உணவு. விழுங்கும் மணலின் எடையில் இவற்றின் பங்கு மிகச் சிறிது. ஆகவே வயிறு நிறைய வேண்டுமானால் மிகுந்த மணல் உள்ளே சென்றாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவுப் பவளத்திட்டில் டிரோன் படங்களைக் கொண்டு கடல் அட்டைகளை எண்ணி, தொட்டியில் அவற்றின் கழிவை எடையிட்டு 2021ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு, ஒரு குச்சி அட்டை நாளொன்றுக்குச் சராசரியாக 38 கிராம், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 14 கிலோ மணலைக் குடலின் வழியே கடத்துவதாகக் கணக்கிட்டது. ஹெரான் தீவு அடங்கிய பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில் உள்ள லிசார்ட் தீவில் 1999இல் செய்யப்பட்ட மற்றோர் ஆய்வு, அங்குள்ள இரண்டு கடல் அட்டை இனங்கள் சேர்ந்து, தம் பகுதியிலுள்ள மணலின் மேல் 5 மில்லிமீட்டரை ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் உண்டு தள்ள வல்லவை என்று காட்டியது. சதுர மீட்டருக்கு 4.6 கிலோ என்பது அதன் கணக்கு.

இவ்விரு எண்களையும் ஒரு வீட்டுத் தொட்டியோடு பொருத்திப் பார்க்கலாம். நான்கு அடி நீளமும் இரண்டு அடி அகலமும் உள்ள, பலர் பெரியதென்று கருதும் தொட்டியின் தரைப்பரப்பு முக்கால் சதுர மீட்டர். அதன் மேல் 5 மில்லிமீட்டர் மணலின் எடை, லிசார்ட் தீவுக் கணக்குப்படி, மூன்றரைக் கிலோவைத் தாண்டாது. ஒரே ஒரு குச்சி அட்டை ஹெரான் தீவில் உண்பதைப் போல இங்கும் உண்ணுமானால், அந்த மணல் ஆண்டுக்கு நான்கு முறை அதன் குடலின் வழியே சென்று வந்தாக வேண்டும். இரண்டு வெவ்வேறு திட்டுகளின் எண்களைக் கலந்து போடும் தோராயக் கணக்கு இது என்றாலும், அது காட்டும் திசை தெளிவானது. கடலில் ஆண்டுக்கு ஒருமுறை அறுவடையாகும் நிலம், தொட்டியில் நான்கு முறை அறுவடையாகிறது. அதிலும் கடலில் வெயில் மணலின் மேல் நேராக விழுந்து டயட்டம்களை வளர்க்கிறது, அலைகள் அன்றாடம் புதிய மட்கைக் கொண்டு சேர்க்கின்றன. தொட்டியிலோ பாறைகள் நிழலிடுகின்றன, வளர்ப்பவர் தன் பங்குக்கு அழுக்கை உறிஞ்சியெடுத்துத் தூய்மையைக் கூட்டுகிறார். தொட்டி எவ்வளவு பளிச்சென்று இருக்கிறதோ, அவ்வளவு வெறுமையான தட்டு கடல் அட்டையின் முன் வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

பட்டினி கிடக்கும் மீன் மெலிவதைக் கண்ணால் காணலாம். கடல் அட்டையோ மெலிவதில்லை, சுருங்குகிறது. சேமித்து வைத்த உடற்திசுவையே கரைத்து உண்டு, விகிதம் குலையாமல் சிறிதாகிக்கொண்டே போகும் ஆற்றல் அதற்கு உண்டு. இவ்வாறு பல மாதங்கள் தாக்குப்பிடித்துவிட்டு ஒருநாள் காணாமற்போகிறது. நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று இறந்துவிட்டது என்று அதன்பின் சொல்லப்படுகிறது. குச்சி அட்டையிடம் இன்னொரு ஏமாற்றும் உண்டு. உடலின் நடுவே இறுக்கி, மெல்ல இரண்டு துண்டாகப் பிரிந்து, முன்துண்டு புதிய கழிவாயையும் பின்துண்டு புதிய வாயையும் வளர்த்துக்கொள்ளும் பிளவுமுறை இனப்பெருக்கம் அதற்கு இயல்பானது. தொட்டியில் ஒன்று இரண்டானதைக் கண்டு வளர்ப்பவர் மகிழ்கிறார். இரண்டின் எடையையும் சேர்த்தால் பழைய ஒன்றின் எடை வருமா என்று பார்ப்பவர் அரிது. எண்ணிக்கை கூடி, மொத்த உடற்பொருள் குறைந்துகொண்டு போவதை இனப்பெருக்க வெற்றி என்று கொள்ள இடமில்லை.

எனவே இந்த வகையை வைத்துக் காப்பாற்றக்கூடிய தொட்டி எது என்ற கேள்விக்கு விடை, நீரின் அளவைவிட மணலின் வயதையும் பரப்பையும் பொறுத்தது. புதிதாக அமைத்த தொட்டியில் மணல் வெறும் சுண்ணாம்புத் தூளாகவே கிடக்கும். அதன் மேல் உயிர்ப்படலம் செழித்து வளர ஓராண்டேனும் ஆகும் என்று கொள்வது பாதுகாப்பானது. பாதி மணற்பரப்பாவது பாறையின்றித் திறந்திருக்க வேண்டும். மணல் நுண்ணியதாக, சர்க்கரைக்கும் ரவைக்கும் இடைப்பட்ட பருமனில் இருப்பது நல்லது. கூர் விளிம்புள்ள நொறுக்கிய பவளச் சல்லி உணர்கொம்பில் ஒட்டாது, குடலுக்கும் கேடு. முந்நூறு லிட்டருக்குக் குறைந்த தொட்டியில், விரல் நீளத்தைத் தாண்டி வளரும் எந்த மணல் அட்டையையும் வைக்காதிருப்பதே முறை. இவை அனைத்தும் அமைந்த பின்னும் தனியே உணவிட வேண்டும்: தூளாக்கிய ஸ்பைருலினா, அரைத்த உலர் கடற்பாசி, கீழே அமிழும் பாசி வில்லைகள் ஆகியவற்றைப் பம்பை நிறுத்திவிட்டு மணலின் மேல் தூவுவது நல்ல பயன் தருகிறது. கடல் அட்டைக் குஞ்சுப் பண்ணைகளிலும் சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசியின் சாறும் ஸ்பைருலினாவுமே குஞ்சுகளுக்கு ஊட்டப்படுகின்றன. பிராணி உண்கிறதா என்பதற்கு நம்பகமான சான்று அதன் கழிவே. காலையில் தொட்டியைப் பார்க்கும்போது மணற்கயிறுகள் புதிதாகக் கிடந்தால் குடல் வேலை செய்கிறது, சில நாள்கள் தொடர்ந்து எதுவும் இல்லையென்றால் கவலைப்பட வேண்டும்.

குச்சி அட்டையின் உறவினமான, மேலே கறுப்பும் அடியில் இளஞ்சிவப்பும் கொண்ட ஹோலோதூரியா எடுலிஸ் என்னும் இனத்துக்கும் இவையெல்லாம் பொருந்தும். தமிழகக் கடலில் வெள்ளை அட்டை என்றும் உலகச் சந்தையில் மணல் மீன் என்றும் பெயர் பெற்ற ஹோலோதூரியா ஸ்கேப்ரா உணவுச் சந்தைக்கே உரியது. கடற்புல் வளரும் சேற்றுமணலில் பகலெல்லாம் புதைந்து கிடக்கும் அது அலங்காரத் தொட்டிக்கு ஏற்றதன்று. குழாய்க்கால்களே இல்லாமல் பாம்பு போல் நீண்டு, ஒன்றிரண்டு மீட்டர் வரையும் வளரும் சினாப்டா வகைகளின் தோலில் உள்ள நங்கூரத் துணுக்குகள் தொட்ட கையில் கொக்கியாகப் பற்றுகின்றன. மெல்லிய உடல் எளிதில் அறுபடுவதால் அவற்றை வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவருவதில் பொருளில்லை.

மிதக்கும் உணவைப் பிடிக்கும் வகையைப் பற்றிச் சொல்ல வேண்டியது வேறு. இவற்றில் கடல் ஆப்பிள் என்ற வணிகப்பெயரில் வரும் சூடோகொலோகைரஸ் இனங்கள், கடல் அட்டைகளிலேயே அழகானவை என்று தயங்காமல் கூறலாம். ஊதாவும் நீலமும் சிவப்புமான உருண்டை உடல், அதன் மேல் மஞ்சளாகவோ சிவப்பாகவோ நீளவாக்கில் ஓடும் குழாய்க்கால் வரிசைகள், உச்சியில் பூத்து விரியும் உணர்கொம்புகள் ஆகியவற்றைக் கண்டபின் விலை கேட்காமல் நகர்வது கடினம். நுண்பாசி படிந்த ஒவ்வொரு கொம்பையும் முறைவைத்து மடக்கி, வாய்க்குள் முழுவதும் செலுத்தி, படிந்ததை வழித்துக்கொண்டு வெளியே எடுக்கும் நிதானம் வேறெந்தத் தொட்டிப் பிராணியிடமும் காண அரிது.

ஆனால் இந்த அழகுக்கு வேண்டியது நாள் முழுவதும் நீரில் மிதந்துகொண்டே இருக்கும் தாவர நுண்ணுயிரிகள். தெளிந்த நீரே பெருமையென்று கருதப்படும் வீட்டுத் தொட்டியில், பம்பும் வடிகட்டியும் புரோட்டீன் ஸ்கிம்மரும், அதாவது நீரில் காற்றுக்குமிழிகளைச் செலுத்தி நுரையோடு கரிமக் கழிவைப் பிரித்தெடுக்கும் கருவியும், இந்த உணவையே அழுக்கென்று கருதி இடைவிடாது அகற்றிக்கொண்டிருக்கின்றன. நாளுக்கு ஒருமுறை புட்டியிலிருந்து ஊற்றும் நுண்பாசித் திரவம் சில மணி நேரத்தில் வடிகட்டியைச் சேர்ந்துவிடும். உணவில்லாத நீரில் கொம்புகளை விரித்துப் பயனில்லாததால் பிராணி அவற்றை உள்ளிழுத்துக்கொள்கிறது. கைப்பிடியளவு இருந்தது எலுமிச்சை அளவாகிறது, அதன்பின் நெல்லிக்காய் அளவாகிறது. இது போதாதென்று, சில கடல் ஆப்பிள்கள் தொட்டியில் இடும் முட்டைகளும் நஞ்சுடையவை. இரை என்று நம்பி அவற்றைக் கொத்தும் மீன்கள் இறக்கின்றன. நுண்பாசியைத் தானே வளர்த்து, தானியங்கிக் கருவியால் இரவும் பகலும் சொட்டுச்சொட்டாகச் செலுத்தும் தனித்தொட்டி வைத்திருப்பவர் தவிர வேறு எவரும் கடல் ஆப்பிளை வாங்கலாகாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, சில சென்டிமீட்டரே வளரும் மஞ்சள் நிறக் கொலோகைரஸ் ரோபஸ்டஸ் சிறிது எளியது. நீரோட்டம் நன்றாக உள்ள இடத்தைத் தானே தேடிப் பற்றிக்கொண்டு, பவளத்துக்கு ஊட்டும் தூள் உணவில் பங்கு பெற்றுப் பிழைத்துக்கொள்வது உண்டு.

இனி நஞ்சு. பூந்திக்கொட்டையில் நுரை எழுப்பும் சப்போனின் என்னும் வேதிப்பொருள் இனத்தைச் சேர்ந்த சேர்மங்கள் கடல் அட்டையின் தோலிலும் உள்ளுறுப்புகளிலும் உள்ளன. விலங்குகளில் சப்போனின் காணப்படுவது அரிது. முட்தோலிகள் அந்த அரிய விலக்குகளில் அடங்கும். நியூயார்க் மீன்காட்சியகத்தைச் சேர்ந்த ராஸ் நைக்ரெல்லி, பஹாமாஸ் கடலில் கிடைத்த ஆக்டினோபைகா அகாசிசி என்னும் இனத்திலிருந்து இந்த நஞ்சைப் பிரித்தெடுத்து, 1952இல் ஹோலோதூரின் என்ற பெயரில் அதைப் பற்றி எழுதினார். ஆய்வுக்கூடத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே பசிபிக் தீவுகளின் மீனவர்கள், அலை வடிந்தபின் பாறைக் குட்டைகளில் கடல் அட்டையை நசுக்கிக் கலக்கி, மயங்கி மிதக்கும் மீன்களை அள்ளியெடுக்கும் முறையை அறிந்திருந்தனர். வீட்டுத் தொட்டியும் அத்தகைய ஒரு குட்டையே; வெளிக்கடலில் நொடியில் கரைந்து மறையும் நஞ்சு, நூறு இருநூறு லிட்டரில் அடைபட்டுச் சுழலும்போது, மீனின் செவுள் வழியே புகுந்து இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறது. நத்தையும் இறாலும் பவளமும் பல நேரங்களில் தப்பிவிட, மீன்கள் மட்டும் கூண்டோடு மடிவது இதனாலேயே.

நலமாக இருக்கும் கடல் அட்டை காரணமின்றி இதைச் செய்வதில்லை. தாக்கப்படும்போதும், கடுமையாக வெப்பமேறிய நீரிலும், உயிர்வளி குறைந்த நீரிலும், முரட்டுத்தனமாகக் கையாளப்படும்போதும் அது தற்காப்பில் இறங்குகிறது. சில இனங்கள் கழிவாய் வழியே வெண்ணிறப் பசை நூல்களை வீசுகின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் கூவியேவின் பெயரால் கூவியே குழல்கள் எனப்படும் இவை நீரில் நீண்டு, தொட்டதையெல்லாம் ஒட்டிப் பிணைக்கும். மன்னார் வளைகுடா மீனவர்கள் பொஹாட்ஷியா இனத்தை நூல் அட்டை என்று அழைப்பது இதைக் கண்டே. குச்சி அட்டையிடம் இந்த நூல் இல்லை. ஆனால் தேய்த்தால் தோலிலிருந்து செந்நிறச் சாறு கசியும். இன்னும் சில, குடலையும் சுவாச மரத்தையும் மொத்தமாக வெளியே தள்ளிவிட்டு, பின்னர் சில வாரங்களில் அவற்றைப் புதிதாக வளர்த்துக்கொள்கின்றன. அதுவரை உண்ண முடியாத பிராணி, ஏற்கெனவே பட்டினியில் இருந்ததாயின் மீள்வது ஐயமே.

தொட்டியில் பெருவிபத்துகளுக்கு வழக்கமான காரணம் பம்ப். இரவில் கண்ணாடியில் ஏறும் கடல் அட்டை, நீரைச் சுழற்றும் பவர்ஹெட்டின் உறிஞ்சுவாயை அடைந்து, சுழல் தகட்டில் அரைபட்டுவிட்டால், அதன் உடலிலுள்ள நஞ்சு முழுவதும் ஒரே தவணையில் நீரில் கலக்கிறது. எனவே கடல் அட்டை உள்ள தொட்டியில் எல்லா உறிஞ்சுவாய்களிலும் உறிஞ்சும் பரப்பு அகன்ற நுரைப்பஞ்சுக் கவசம் இருக்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் கம்பிச் சட்டம் போதாது. ஹீட்டரைச் சுற்றியும் காப்பு வேண்டும். விபத்து நேர்ந்துவிட்டால், ஸ்கிம்மர் திடீரென்று பொங்கி வழிவது முதல் அறிகுறியாகத் தெரியலாம், சப்போனின் நுரைக்கும் பொருளல்லவா. அப்போது பிராணியையும் அதன் துண்டுகளையும் உடனே வெளியே எடுத்து, மீன்களை வேறு நீருக்கு மாற்றி, பெருமளவு நீரை மாற்றி, புதிய கரித்தூள் வடிகட்டியை ஓடவிட வேண்டும். மாற்றுவதற்குரிய கடல்நீரைக் கலந்து ஆயத்தமாக வைத்திருக்காத வீட்டில் இந்த அறிவுரை பயன்படாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கொண்டுவரும் முதல்நாளும் கவனத்துக்குரியது. முட்தோலிகளுக்கு உடலின் உப்பளவைத் தாமே சீர்செய்துகொள்ளும் ஆற்றல் இல்லை. வெளிநீரின் உப்பு மாறினால் உள்நீரும் மாறுகிறது. ஆகவே பையிலிருந்து தொட்டிக்கு மாற்றும்போது, தொட்டி நீரை மெல்லிய குழாயால் சொட்டுச்சொட்டாகக் கலந்து, இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்திருந்து விட வேண்டும். உப்பளவு ஆயிரத்துக்கு 35 என்ற கடலின் அளவிலும், வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரையிலும் நிலையாக இருப்பது நல்லது. மீன்களின் வெண்புள்ளி நோய்க்குச் செம்பு கலந்த மருந்தை ஒருமுறையேனும் ஊற்றிய தொட்டியில் கடல் அட்டையை விடக் கூடாது. பாறையிலும் மணலிலும் படிந்த செம்பு பின்னரும் கசிந்து முதுகெலும்பற்ற உயிர்களைக் கொல்லும். கையாளும்போது கையுறை அணிவதும், கையாண்ட விரலைக் கண்ணருகே கொண்டுபோகாதிருப்பதும் வளர்ப்பவரின் நன்மைக்கு.

இதுவரை சொன்னவை சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளில் வாழ்வோர்க்கு. அங்கும், வெள்ளை முலையட்டை என்று வணிகத்தில் பெயர் பெற்ற ஹோலோதூரியா ஃபஸ்கோகில்வா உள்ளிட்ட மூன்று இனங்கள், அழிவாபத்து உயிரின வணிகத்துக்கான சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் 2019இல் சேர்க்கப்பட்டுள்ளன. எல்லை கடந்து அவற்றை வாங்க அனுமதி வேண்டும். இந்தியாவின் நிலை வேறு. சீன உணவுச் சந்தைக்கென அவித்து உலர்த்தி அனுப்பும் வணிகம் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் தலைமுறைகளாக நடந்து, வளம் தேய்ந்ததால், 7.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த உலரட்டையின் ஏற்றுமதி 1982இல் தடுக்கப்பட்டது. 1988இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வெள்ளை அட்டையைச் செயற்கையாக முட்டையிடச் செய்து குஞ்சுகளை வளர்த்தெடுத்தனர். உலகில் வெப்பக்கடல் நாடுகள் பலவும் இன்று நடத்தும் குஞ்சுப் பண்ணைகளுக்கு அது முன்னோடி. ஆயினும் அந்த அறிவு இங்கே தொழிலாக வளர்வதற்கு முன், 2001ஆம் ஆண்டு கடல் அட்டை இனங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் தடைசெய்யப்பட்டது. இந்தத் தடையைத் தளர்த்தக் கோரும் இராமநாதபுரம் மாவட்ட மீனவரின் வாதத்தில் நியாயம் உண்டு. மறுகரையான இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கவும் பண்ணையில் வளர்க்கவும் முடிகிறபோது, இங்கே பிடிபடுவது கடத்தலாகி மறைமுக வழியில் அங்கே சேர்வதால் யாருக்கு நன்மை என்று அவர்கள் கேட்பதற்கு நேர்மையான விடை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த விவாதம் வயிற்றுப்பிழைப்பைப் பற்றியது. அலங்காரத் தொட்டிக்காரர் அதில் இடம் கேட்க முடியாது.

ஆகவே தமிழகத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர், மணலைத் தூய்மையாக்க வேறு வழி தேடிக்கொள்வதே தக்கது. சில வகை நத்தைகளும், மணலை வாயில் அள்ளிச் சலித்துத் துப்பும் கோபி மீன்களும் அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். பாம்பன் கரையில் அலை ஒதுக்கிய கடல் அட்டையை வீட்டுக்கு எடுத்துவருவதும், இறக்குமதிச் சரக்கு என்ற பெயரில் எவரேனும் விற்க வரும்போது வாங்கிக்கொள்வதும் இந்தச் சட்டத்தின் கீழ்க் குற்றமே. முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்த தண்டனை மூன்று ஆண்டுச் சிறை.